கருத்தடை மாத்திரை, ஊசி, உங்கள் இதயம்

வீடு மாறினால் கிளினிக்கும் மாறும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தான இடம் என்று சொன்ன லயங்களை விட்டு 7 பேர்ச் காணியில் கட்டிய புதிய வீட்டுக்கு வந்தவர்களுக்கு, தண்ணீர், மின்சாரம், பிள்ளையின் பாடசாலை, கிராம அலுவலரிடம் பதிவு என்று அலைவதிலேயே பல வாரங்கள் போய்விடுகின்றன. அந்த வரிசையில் பெண்கள் தங்கள் உடம்பைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். கருத்தடை மாத்திரை அட்டை, ஊசித் திகதி எழுதிய அட்டை, கடைசியாகப் பிரஷர் பார்த்த துண்டு எல்லாம் பழைய காம்பராவோடு போயிருக்கும். அதைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை.

ஹட்டன் பக்கம் நடந்த ஒரு மீள்குடியேற்றக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "எட்டு வருசமா மிதுரி போட்டேன் மிஸ். மண்ணு சரிஞ்ச அன்னிக்கு அட்டையெல்லாம் உள்ளுக்கே போயிருச்சு. போனதும் நல்லதுக்குத்தான்னு விட்டுட்டேன். இத்தனை வருசம் போட்டா நெஞ்சடைக்கும்னு சொல்றாங்களே, அது நெசமா?" பக்கத்தில் இருந்தவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுபவர். அவருடைய பயம் வேறு: "மாசாமாசம் வராத ரத்தம் எல்லாம் உள்ளே தேங்கி இதயத்துக்குத்தானே போகும்?"

நான் வைத்தியர் அல்ல, கலைப்பட்டதாரி. அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு வைத்தியர்களிடமும் மிட்வைஃப்மாரிடமும் போய், உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டி நூலையும் படித்து எழுதியது இது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை வருடம் பாவித்தீர்கள் என்பதால் இதயத்துக்கு ஆபத்து கூடிக்கொண்டே போவதில்லை. ஆனால் அந்த வருடங்களில் உங்களுக்கு வயது கூடுகிறது, பிரஷர் ஏறலாம், சீனி வியாதி வரலாம். அதை யாரும் பார்க்காமல் மாத்திரை மட்டும் தொடர்ந்தால்தான் ஆபத்து. வீடு மாறும்போது அறுந்து போவது அந்தப் பார்வைதான்.

தேங்குகிற இரத்தம்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். டெப்போ ஊசி போடும் பலருக்கு சில மாதங்களில் மாதவிடாய் குறையும், ஒரு வருடத்துக்குப் பிறகு பலருக்கு முற்றாக நின்றுவிடும். மாதவிடாய் இரத்தம் என்பது உடம்பில் ஓடும் இரத்தத்தின் கழிவு அல்ல. கருப்பையின் உட்சுவர் ஒவ்வொரு மாதமும் தடித்து, கரு தங்காதபோது உரிந்து வெளியேறுவதுதான் அது. ஊசியில் உள்ள ஹோர்மோன் அந்தச் சுவரைத் தடிக்க விடுவதில்லை. தடிக்காத சுவர் உரிவதில்லை, உரியாதபோது வெளியேற எதுவும் இல்லை. நெற்கதிர் விளையாத வயலில் அறுவடை எங்கே தேங்கும்? அதோடு, கருப்பையிலிருந்து இதயத்துக்கு அப்படி ஒரு வழியும் கிடையாது. இரத்தச்சோகை அதிகமாக உள்ள எங்கள் தோட்டங்களில், மாதம் தோறும் இழக்கும் இரத்தம் குறைவது சில பெண்களுக்கு நன்மையாகக்கூட இருக்கிறது.

பாட்டிமாரின் பயம் எங்கிருந்து வந்தது

இதயப் பயத்தை வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இலங்கையில் குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் தொடங்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் மகப்பேற்று வைத்தியர் சிவா சின்னத்தம்பி. அமெரிக்காவில் 1960இல் கருத்தடைக்கென முதன்முதலாக அனுமதிக்கப்பட்ட மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை ஹோர்மோன் 150 மைக்ரோகிராம் இருந்தது. அடுத்த வருடமே, அந்த வகை மாத்திரை எடுத்த ஒரு தாதிக்கு நுரையீரலில் இரத்தக்கட்டி வந்ததாக பிரித்தானிய வைத்தியர் ஒருவர் 'லான்செட்' சஞ்சிகைக்கு எழுதினார். அதன்பின் அப்படியான செய்திகள் வரிசையாக வந்தன. 1969இன் இறுதியில் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு, ஈஸ்ட்ரோஜன் 50 மைக்ரோகிராமுக்கு மேல் உள்ள மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று வைத்தியர்களுக்கு அறிவித்தது.

இன்று வழக்கமாகக் கொடுக்கப்படும் சேர்க்கை மாத்திரைகளில் அது 30 மைக்ரோகிராம் அளவு. அதாவது பாட்டி காலத்துப் பயம் அன்றைக்கு நியாயமானது. மருந்து மாறிவிட்டது, பயம் மட்டும் மாறாமல் நிற்கிறது.

நீண்ட காலத்தைப் பற்றிய நல்ல சான்றும் அந்த நாட்டிலிருந்தே வந்தது. பிரித்தானியப் பொது வைத்தியர்களின் கல்லூரி 1968இல் சுமார் 46,000 பெண்களைப் பதிவு செய்தது. அவர்களில் பாதிப்பேர் மாத்திரை எடுத்தவர்கள். 39 வருடம் வரை பின்தொடர்ந்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை எடுத்தவர்களிடையே மரணம் கூடவில்லை, மொத்தத்தில் சற்றுக் குறைவாகவே இருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் எடுத்தது இன்றையதைவிடக் கூடுதல் ஹோர்மோன் உள்ள பழைய மாத்திரைகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எல்லாம் ஒரே மருந்து இல்லை

கூட்டங்களில் மாத்திரை, ஊசி, கைக்குச்சி, லூப் எல்லாவற்றையும் சேர்த்து "குடும்பக் கட்டுப்பாடு" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். இதயத்தைப் பொறுத்தவரை இவை ஒன்றல்ல. மிதுரி போன்ற சேர்க்கை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகை ஹோர்மோனும் உண்டு. இரத்தம் உறையும் தன்மையைச் சற்றுக் கூட்டுவதும், சிலருக்குப் பிரஷரை ஏற்றுவதும் இதில் உள்ள ஈஸ்ட்ரோஜன்தான். மூன்று மாத ஊசியிலும், மேல்கையில் தோலின் கீழ் வைக்கும் ஜடெல் குச்சியிலும் ஈஸ்ட்ரோஜன் இல்லை. செம்பு லூப்பில் ஹோர்மோனே இல்லை. எல்.ஆர்.டி. ஒப்பரேஷனிலும் ஹோர்மோன் இல்லை.

ஈஸ்ட்ரோஜன் இல்லை என்பதால் ஊசி எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். பிரஷர் 160/100 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், பக்கவாதமோ மாரடைப்போ ஏற்கனவே வந்தவர்களுக்கும், சீனி, பிரஷர், புகைத்தல் என்று பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தவர்களுக்கும் ஊசியைவிட வேறு முறை நல்லது என்றே உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கும் செம்பு லூப் தடையில்லை.

எண்ணிக்கையில் சொன்னால்

இரத்தக்கட்டி என்றால் பெரும்பாலும் காலின் ஆழமான நாளத்தில் உறைவது. அது பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. ஐரோப்பாவில் எடுத்த கணக்கின்படி, மாத்திரை எடுக்காத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் சுமார் 2 பேருக்கு இது வருகிறது. லெவோநோர்ஜெஸ்ட்ரெல் கலந்த சேர்க்கை மாத்திரை எடுக்கும் 10,000 பேரில் 5 முதல் 7 பேருக்கு. கர்ப்ப காலத்தில்? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கணக்கில் 5 முதல் 20 வரை. பிள்ளை பிறந்த பின்னான முதல் 12 வாரங்களில் அதே வீதம் 40 முதல் 65 வரை போகிறது.

இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் கூட்டங்களில் இரண்டு முறை சொல்வேன். இரத்தக்கட்டிக்குப் பயந்து மாத்திரையை விட்ட அக்காவுக்கு, திட்டமிடாத கர்ப்பம் வந்தால் எந்த ஆபத்துக்குப் பயந்தாரோ அதே ஆபத்து இன்னும் பெரிதாக வரும். விட வேண்டிய காரணம் இருந்தால், முதலில் வேறு முறையைத் தொடங்கிவிட்டு விடுங்கள்.

இன்னொரு விடயம். சேர்க்கை மாத்திரையால் வரும் இரத்தக்கட்டி ஆபத்து, தொடங்கிய முதல் வருடத்தில்தான் அதிகம். பிறகு குறைந்து நிலையாக நிற்கும். 4 வாரமோ அதற்கு மேலோ நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் அந்த ஆபத்து மறுபடி ஏறுகிறது. "உடம்புக்கு ஓய்வு கொடுப்போம்" என்று இரண்டு மாதம் விட்டு, பிறகு போட்டு, மறுபடி விடுகிற பழக்கம் எங்கள் பக்கம் நிறைய உண்டு. ஓய்வு என்று நினைத்துச் செய்வது உண்மையில் முதல் வருடத்தையே திரும்பத் திரும்ப வாழ்வது.

மாரடைப்பும் பக்கவாதமும் வேறு கணக்கு. டென்மார்க்கில் 1995 முதல் 2009 வரை சுமார் 16 இலட்சம் பெண்களின் பதிவேடுகளைப் பார்த்த ஆய்வில், 30 முதல் 40 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்தவர்களுக்கு இவை ஏறத்தாழ 1.3 முதல் 2.3 மடங்கு கூடியிருந்தன. இரண்டு மடங்கு என்றால் பெரிதாகக் கேட்கும். ஆனால் அந்த ஆய்வில் மொத்தமாகவே ஒரு வருடத்தில் 100,000 பெண்களில் சுமார் 21 பேருக்குப் பக்கவாதம், சுமார் 10 பேருக்கு மாரடைப்பு. சிறிய எண்ணின் இரண்டு மடங்கும் சிறியதுதான். 25 வயதில், பிரஷர் இல்லாத, புகைக்காத பெண்ணுக்கு அது அப்படியே. 42 வயதில் பிரஷரும் சீனியும் உள்ளவருக்கு ஆரம்ப எண்ணே சிறியதல்ல. அவருக்கு இரண்டு மடங்கு என்பது வேறு பேச்சு.

ஒருமுறை பிரஷர் பாருங்கள்

பிரஷர் உள்ளவருக்கு அது தெரியாது. தலை சுற்றினால்தான் பிரஷர் என்று நினைக்கிறோம், பெரும்பாலானோருக்கு அந்தச் சுற்றலும் வராது. அதனால் மாத்திரை தொடங்கும் முன்பும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவதும், கைப்பட்டி கட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாத்திரை தொடங்கும் முன் பிரஷர் பார்க்கப்பட்ட பெண்களைவிட, பார்க்கப்படாத பெண்களுக்கே மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்தன என்று உலக சுகாதார ஸ்தாபனம் பல நாடுகளில் செய்த ஆய்விலும் தெரிந்தது. மருந்து ஒன்றேதான், இடையில் இருந்த வித்தியாசம் அந்தக் கைப்பட்டி.

மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90க்கு ஏறியிருந்தால் சேர்க்கை மாத்திரை பொதுவாகப் பொருந்தாது. 160/100க்கு மேல் என்றால் அறவே கூடாது. மாத்திரையால் ஏறிய பிரஷர், நிறுத்திய பின் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் நிறுத்துவதை நீங்களாகச் செய்யாமல் கிளினிக்கில் சொல்லி, மாற்று முறையோடு செய்யுங்கள்.

35 வயதுக்கு மேல் சிகரெட் புகைப்பவர்கள் சேர்க்கை மாத்திரையை விட வேண்டும். எங்கள் பெண்களில் புகைப்பவர் குறைவு, வெற்றிலையோடு புகையிலை போடுபவர்தான் அதிகம். புகையிலையை மென்றாலும் பிரஷரையும் நாடித்துடிப்பையும் அது ஏற்றும். ஆகவே "சிகரெட் குடிப்பீர்களா?" என்று மட்டும் கேட்டாலும், "இல்லை, ஆனால் புகையிலை போடுவேன்" என்று முழுப் பதிலைச் சொல்லுங்கள். குறுக்குக் கேள்வி வரும் என்று மறைக்க வேண்டாம்.

தலைவலியைப் பற்றி. மழையில் நனைந்து, காலையில் ஒரு ரொட்டியோடு மலைக்குப் போய், மத்தியானம் மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடியும் வரை நின்றால் யாருக்கும் தலை வலிக்கும். அதைச் சொல்லவில்லை. தலைவலி வருவதற்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள், வளைந்து வளைந்து ஒளிரும் கீற்றுகள், அல்லது பார்வையில் ஒரு பகுதி மறைவது, சில நிமிடங்கள் இருந்து பிறகு ஒரு பக்கம் இடிப்பதுபோல வலிப்பது: இதுதான் முக்கியம். இப்படி வருபவர்களுக்குச் சேர்க்கை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். எந்த வயதானாலும் அவர்கள் அதை எடுக்கக் கூடாது. பனடோல் போட்டுக் கடந்துபோகும் தலைவலி என்று நினைத்து இதைச் சொல்லாமல் விடுபவர்கள் நிறைய.

சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, பிறகு இதய வால்வில் பழுது என்று 3, 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். நெருக்கமான காம்பராக்களில் தொண்டைப் புண் சுலபமாகப் பரவும், அதன் தொடர்ச்சியாக வரும் நோய் இது. அவர்களுக்குக் கர்ப்பமே ஆபத்தாகலாம். இலங்கையில் தாய்மார் மரணத்தின் முக்கிய காரணங்களில் இதய நோயும் ஒன்று. ஆகவே கருத்தடை அவர்களுக்கு மற்றவர்களைவிட அவசியம், ஆனால் எந்த முறை என்பதை இதய கிளினிக்கோடு பேசித்தான் தீர்மானிக்க வேண்டும்.

பிள்ளை பெற்று 6 வாரம் ஆகாத பாலூட்டும் தாய்க்கு சேர்க்கை மாத்திரை கூடாது. 6 மாதம் வரை பாலூட்டும்போது வேறு முறைகளே நல்லது.

கால் வலியா, இரத்தக்கட்டியா?

நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குபவருக்குக் கால் வலிக்காத நாள் எது? அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன். வேலையால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும், இரவு படுத்தால் குறையும். இரத்தக்கட்டி பெரும்பாலும் ஒரே காலில் வரும். கெண்டைக்கால் மற்றக் காலைவிட வீங்கி, தொட்டால் சூடாக, அழுத்தினால் வலியாக இருக்கும். நிறம் மாறலாம். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

திடீரென்று மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, இருமும்போது இரத்தம், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு கை அல்லது கால் மரத்துப்போதல், இதுவரை வராத கடும் தலைவலி, பார்வை மறைதல் இவற்றில் எதுவானாலும் லொறி வரும் வரை, துரையின் வாகனம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். புதிய வீட்டுக்கு வந்தவுடன், வீதியிலிருந்து உங்கள் வீட்டுக்கு எப்படி வருவது என்று தொலைபேசியில் சொல்லும் விதத்தை வீட்டில் எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள். பழைய லயத்தில் "பத்தாம் நம்பர் லயம்" என்றால் எல்லோருக்கும் தெரியும், புதிய இடத்துக்கு இன்னும் பேரே இல்லாமல் இருக்கலாம். வைத்தியரிடம் முதல் வார்த்தையாக "நான் கருத்தடை மாத்திரை எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். சொல்ல முடியாத நிலையில் இருந்தால் கணவர் சொல்ல வேண்டும், ஆகவே அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இடையில் விட்டுப்போயிருந்தால்

முகாமில் இருந்த நாட்களில் ஒரு மாத்திரையோ இரண்டோ விட்டிருந்தால், ஞாபகம் வந்தவுடன் ஒன்றைப் போட்டு வழக்கம்போல் தொடரலாம். 3 அல்லது அதற்கு மேல் விட்டிருந்தால் அப்படியே தொடரும்போது 7 நாட்களுக்கு ஆணுறையும் வேண்டும். வாரக்கணக்கில் விட்டவர்கள், பக்கத்து வீட்டு அட்டையை வாங்கிப் போடாமல், பிரஷர் பார்த்த பிறகு தொடங்குங்கள். ஊசித் திகதி தவறியிருந்தால், உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டலின்படி 4 வாரம் வரை தாமதமானாலும் போடலாம். அதற்கு மேல் என்றால் கர்ப்பம் இல்லை என்று பார்த்த பிறகு போடுவார்கள். அட்டை தொலைந்துவிட்டது என்று திட்டு வாங்குவோமோ என்று பயந்து போகாமல் இருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். மண்சரிவில் தொலைந்த அட்டைக்கு யாரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது.

புதிய இடத்தில் உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைக் கேட்டு, உங்கள் வீட்டுக்கு எந்தக் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் பொறுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். அவரை எல்லோரும் மிட்வைஃப் மிஸ் என்றே சொல்வார்கள். முன்பு தோட்ட டிஸ்பென்சரியில் வாங்கிய மாத்திரை, இப்போது தோட்டத்துக்கு வெளியே உள்ள கிளினிக்கில் கிடைக்கலாம். அரச கிளினிக்கில் இலவசம்தான். 35 வயதைக் கடந்தவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்கும் போங்கள், பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அரைப்பேர் போய்விடும் என்று தள்ளிப்போடுபவர்கள், பிள்ளைக்கு ஊசி போடப் போகும் நாளிலேயே தங்கள் கையையும் நீட்டிப் பிரஷர் பார்க்கக் கேட்கலாம்.

சில கிளினிக்குகளில் தமிழ் தெரிந்தவர் இல்லை என்பது உண்மை, அதை நாமும் உரிய இடங்களில் சொல்லிவருகிறோம். அதுவரை, "பிரஷர்" என்ற சொல் சிங்களத்திலும் தமிழிலும் ஒன்றேதான். பழைய மாத்திரை அட்டையின் வெறும் உறை இருந்தால்கூடக் கையோடு கொண்டுபோங்கள். எந்த முறை வேண்டும் என்று தீர்மானிப்பது நீங்கள். தோட்டப்புறத்தில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஒப்பரேஷன் என்று பேச்சு முடிந்துபோன காலம் ஒன்று இருந்தது, அம்மாமார் பலர் அப்படித்தான் செய்துகொண்டார்கள். இன்றைக்கு மாத்திரை உங்களுக்குப் பொருந்தாது என்று சொன்னால், "வேறு என்ன இருக்கிறது, ஒவ்வொன்றையும் சொல்லுங்கள்" என்று கேட்டு, விளங்கிய பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

எட்டு வருடம் மிதுரி போட்ட அந்த அக்கா அடுத்த கிளினிக்குக்குப் போனார். பிரஷர் 148/94. அவருக்கு அதுவரை தெரியாது. இப்போது பிரஷருக்கு மருந்து எடுக்கிறார், மாத்திரைக்குப் பதிலாக லூப் வைத்திருக்கிறார்.